ஏழு இருபதுக்குப் பிறந்த பிள்ளை

எங்கள் கடையில் பாடப் புத்தகத்தை விட வேகமாகப் போவது சாத்திரப் புத்தகம்தான். இதைச் சொன்னால் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற அந்தக் கடையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். யார் எதைப் புரட்டுகிறார்கள், எதைப் பழைய பேப்பரில் சுற்றித் தரச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கைரேகை, எண்சாத்திரம், கனவுப் பலன், பல்லி விழும் பலன், மந்திரம், தியானம், மூச்சுப் பயிற்சி எல்லாம் பின்பக்கக் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கின்றன. தியானப் புத்தகத்தை நிமிர்ந்து நின்று வாங்குவார்கள். மாந்திரீகப் புத்தகம் என்றால் முதலில் ஒரு சிவப்புப் பேனை கேட்பார்கள், பிறகு ஒரு கொப்பி, அதற்குப் பிறகுதான் கண்ணால் அலுமாரியைக் காட்டுவார்கள்.

முதலாளி தோப்பூர்க்காரர். ஐந்து நேரமும் தொழுகிற மனிதர். அந்த அலுமாரியைப் பற்றி யாராவது கேட்டால், தான் விற்கிற ஆள், வாசிக்கிற ஆள் இல்லை என்பார். அதனால் அதன் பூட்டும் திறப்பும் என் கைக்கு வந்தன. என்ன வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. அவர் விற்றார், நான் வாசித்தேன்.

முதலில் வாசித்தது கட்டுவிட்டுத் தாள் கழன்றுபோன ஒரு சோதிடப் புத்தகம். விற்க ஏலாது, எறியவும் மனம் வரவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் எங்கள் கடைக்கு ஈ கூட வராது. நகரத்துக்குள் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் வந்து நின்று காட்போட் பெட்டியைச் சப்பிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஒரு கொப்பியும் கணக்குப் போடும் மெசினும் வைத்துக்கொண்டு நானாகவே குறிப்பு எழுதப் பழகினேன். குறிப்பு என்றால் சாதகம்தான், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முதலில் என்னுடையது, பிறகு என் கணவருடையது, பிறகு எங்கள் ஒழுங்கையில் அக்கம்பக்கத்து வீடுகளில் இருக்கிறவர்களுடையது. ஐந்தாறு வருடத்தில் நான் ‘சாத்திரி அக்கா’ ஆகிவிட்டேன். அப்படிக் கூப்பிட்டால் கோபப்படுகிற மாதிரி நடிப்பேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. இந்தியாவில் அச்சடித்த புத்தகத்துக்கு எங்கள் நாட்டு மணிக்கூடு போட்ட கூத்துத் தெரியாது. ஒரு காலத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அதை அரை மணித்தியாலமாக்கி, அப்படியே பத்து வருடம் கிட்ட ஓடியது. அந்த வருடங்களில் பிறந்த பிள்ளைக்குக் குறிப்பு எழுதும்போது பிறந்த நேரத்தில் அரை மணித்தியாலத்தைக் கழிக்க வேண்டும். பிறக்கிற நிமிடத்தில் கிழக்கே எழுகிற ராசிதான் லக்கினம், மற்ற வீடுகளை எல்லாம் அதிலிருந்துதான் எண்ணுவது. அரை மணித்தியாலம் பிசகினால் லக்கினமே மாறிப்போகலாம். புத்தகத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். அடுத்தவர் எழுதிய குறிப்பை வாங்கிப் பார்த்து, “அரை மணித்தியாலம் கழிக்கேல்லை” என்று பேனையால் வட்டம் போட்டுக் கொடுப்பதில் எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது.

கோயிலடியில் ஒரு சாத்திரியார் இருக்கிறார். என் வயதுதான், ஸ்கூட்டரில் திரிகிறவர், பஞ்சாங்கம் வாங்க எங்களிடம்தான் வருவார். அந்த வருடங்களில் பிறந்தவர்கள் யார் போனாலும் முதலில் இரண்டு கேள்வி கேட்பாராம். எந்த ஊர், எந்த மணிக்கூடு. இதைக் கேள்விப்பட்டு நான் அவர் முகத்துக்கு நேரேயே பகிடி பண்ணினேன். மணிக்கூட்டின் கொம்பனிப் பெயரையும் கேளுங்கோவன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, கேட்கிறது நல்லம் தங்கச்சி என்று மட்டும் சொல்லிப் பஞ்சாங்கத்தை வாங்கிக்கொண்டு போனார். ஆள் பதில் இல்லாமல் போகிறார் என்று நினைத்தேன்.

கடைக்கு அந்தப் பிள்ளை வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சான் தாண்டி உள்ளே ஒரு ஊர். தகப்பன் கடற்தொழில். அவள் நகரத்தில் சின்னம்மா வீட்டில் தங்கி நின்று வேலைக்கு வந்தாள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எந்த நேரமும் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிவாள். சாப்பாடு என்றால் உயிர். மத்தியானம் புத்தகத் தட்டுக்குப் பின்னால் பேப்பர் விரித்து இரண்டு பேரும் இருந்து சாப்பிடுவோம். தன்னுடைய பார்சலில் இருந்து இறாலைப் பொறுக்கி என் சோற்றில் வைத்துவிட்டு, என் கத்தரிக்காயை எடுத்துக்கொள்வாள். என் சாத்திரத்தையும் விடமாட்டாள். கனவுப் பலன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கனவில் மூதூர் பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன பலன் அக்கா என்று கேட்பாள். போடி, நாளைக்கும் பிந்தி வருவாய், அதுதான் பலன் என்பேன்.

எனக்குப் பெண் பிள்ளை இல்லை. இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி இருந்தான். அரசாங்கக் கந்தோரில் வேலை, நல்ல பிள்ளை, சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாது. அவன் கடைக்குப் பேனை வாங்க வரத் தொடங்கினான். ஒரே மாதத்தில் பதினேழு பேனை. முதலாளிக்கே விளங்கிவிட்டது, அரசாங்கம் இவ்வளவு எழுத வைக்கிறதா என்று கேட்டு அவனை வெட்கப்படுத்தினார். அவளும் அவன் வருகிற நேரத்துக்கு முன்மேசையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். அவன் தாய்க்கு அவளைப் பிடித்துப்போயிற்று. சீதனம் சாதி என்று இழுக்கிற ஆள் இல்லை அவர். ஒன்றே ஒன்றுதான், குறிப்புப் பொருந்தவேண்டும். வேறு யாரிடமும் போகமாட்டேன், நீ பார்த்துச் சொன்னால் போதும் என்று மகனுடைய குறிப்பைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

அவளுக்குக் குறிப்பு இல்லை. எழுதி வைத்திருந்தது சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து ஓடியதில் போய்விட்டது. தாயிடம் கேட்டு, பிறந்த திகதியையும் நேரத்தையும் கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தந்தாள். பங்குனி மாதம், இரவு ஏழு இருபது. நான் கொப்பியை விரித்தேன். அவள் பக்கத்தில் நின்றாள். முகம் எல்லாம் வெளிச்சமாக இருந்தது.

“அக்கா, அந்த நேரம் எங்கட பக்கம்…” என்று தொடங்கினாள். நான் முடிக்க விடவில்லை.

“தெரியும், தெரியும். அரை மணித்தியாலம் கழிச்சிட்டன். எனக்கு நீ படிப்பிக்கத் தேவையில்லை.”

அவள் நாக்கைக் கடித்துச் சிரித்துவிட்டு முன்னால் போனாள்.

ஆறு ஐம்பது. கன்னி லக்கினம். எண்ணிக்கொண்டு வந்தால் செவ்வாய் சரியாக ஏழாம் வீட்டில், கலியாணத்துக்குரிய வீட்டில் உட்கார்ந்திருந்தது. அந்தத் தம்பிக்குச் செவ்வாய் தோசம் இல்லை. இருக்கிறவரை இல்லாதவருக்குக் கட்டி வைப்பதைப் பற்றி அலுமாரியில் இருந்த எல்லாப் புத்தகமும் ஒரே மாதிரித்தான் எழுதியிருந்தன. கைபேசியிலும் போட்டுப் பார்த்தேன். அதற்கும் எங்கள் நாட்டு மணிக்கூடு மாறியது தெரியும், தானாகவே அரை மணித்தியாலத்தைக் கழித்துக் கன்னி லக்கினம்தான் என்றது. அவளை நினைத்துக் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கவலைக்கு அடியில் ஒரு சின்னச் சந்தோசமும் இருந்தது. வேறு ஒருவர் என்றால் இதைக் கவனிக்காமல் கட்டி வைத்திருப்பார், நான் பிடித்துவிட்டேன் என்கிற சந்தோசம். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

தம்பியின் தாயிடம் சொன்னேன். பூசி மெழுகவில்லை. கட்டி வைத்தால் உங்கள் மகனுக்குத்தான் ஆபத்து என்றேன். அவர் என் குசினியில், அடுப்படியில் நின்றபடியே அழுதார். அந்தத் தம்பி வீட்டில் சண்டை பிடித்து இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். மூன்றாம் நாள் என்னிடம் வந்தான். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“அன்ரி, கொஞ்சம் விட்டுப் பார்க்க ஏலாதா?” என்று கேட்டான்.

நான் செய்தது என்ன தெரியுமா? புத்தகத்தை எடுத்துவந்து, பக்கத்தை விரித்து, விரலால் வரியைக் காட்டினேன். கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரியே. அவன் வாசித்தான். புத்தகத்தை மூடி என் கையில் தந்துவிட்டுப் போனான். பிறகு பேனை வாங்க வரவில்லை. அடுத்த ஆவணிக்குள் வேறு இடத்தில் கலியாணம் முடிந்தது.

அவளுக்கு நானே சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன், அவள் அழவில்லை. ஏழில் செவ்வாய் இருந்தால் என்ன நடக்கும் என்று ஒருமுறை கேட்டாள். நான் ஏதோ இழுத்தேன். அன்று பின்னேரம் அவளே திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்து வாசித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை விரதம் பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். விடாமல் பிடித்தால் தோசம் குறையும் என்றேன். பெரிய உதவி செய்கிற நினைப்பு எனக்கு.

பிடித்தாள். மூன்று வருடம், ஒரு செவ்வாய் தவறாமல். சாப்பாடு என்றால் உயிரை விடுகிற பிள்ளை, செவ்வாயில் பொழுதுபடும் வரை தண்ணீர் மட்டும். நான் தட்டுக்குப் பின்னால் தனியாக இருந்து சாப்பிடுவேன், அவள் முன்னால் நிற்பாள். பாட்டு நின்றுபோனது எந்த நாளில் என்று எனக்குத் தெரியாது. நின்றுபோய்க் கன காலத்துக்குப் பிறகுதான் கவனித்தேன். இடையில் இரண்டு சம்பந்தம் வந்தது. இரண்டு இடத்திலும் கேட்கும் முன்னமே அவளாகவே, எனக்கு ஏழில் செவ்வாய் என்று சொல்லிவிட்டாளாம். அவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். சின்னம்மா என்னிடம் வந்து குறைப்பட்டபோது, நேர்மையான பிள்ளை என்று மெச்சினேன். மெச்சினேன்!

போன மாரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து மழை, கரண்டும் இல்லை. அவள் கோயிலுக்குப் போய்விட்டுப் பிந்தித்தான் வருவாள். நானும் முதலாளியும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். பஸ் ஏதோ பிந்தியதிலிருந்து கதை தொடங்கி அவருடைய பழைய வயல் கதைக்குப் போனது. மணிக்கூடு முன்னுக்குப் போன காலத்தில் அவருக்கு அங்காலைப் பக்கம் வயல் இருந்ததாம். அவர் கதை சொன்னால் சிரிக்காமல் இருக்க ஏலாது, நானும் சிரிக்கத் தயாராக இருந்தேன்.

“ஏழு மணிக்கு வாங்க எண்டு செல்லிட்டு நிண்டா, ஏழரைக்குத்தான் வருவாங்க. ஏசப் போனா அவங்கட கையில ஏழுதான் காட்டுது. அங்கால பக்கம் மணிக்கூட்ட மாத்தவே இல்லையே.”

அவர் சிரித்தார். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அங்காலை என்றால் எது என்று கேட்டேன். கட்டைபறிச்சானுக்கு அங்கால எல்லாம்தான் என்றார். அந்தப் பக்கம் அப்போது இயக்கத்தின் கையில் இருந்ததால் அரசாங்கத்தின் நேரம் அங்கே போகவில்லை, அங்கே இருந்தவர்கள் பழைய நேரத்திலேயே இருந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த விசயம்தானே என்றார்.

எல்லாருக்கும் தெரிந்த விசயம். எனக்கும் ஒரு காலத்தில் தெரிந்துதான் இருந்திருக்கும். அங்காலை இருந்து சந்தைக்கு வருகிறவர்கள், உங்கட நேரமா எங்கட நேரமா என்று கேட்டதைச் இளம் வயதில் நானே கேட்டிருக்கிறேன். ஆனால் கொப்பியை விரித்ததும் புத்தகத்தில் இல்லாதது எனக்குத் தெரியும் என்கிற பவிசுதான் தலையில் ஏறி நின்றது. மற்றதெல்லாம் மறந்துபோனது.

ஏழு இருபதைக் கழிக்காமல் போட்டேன். துலா லக்கினம். செவ்வாய் ஆறாம் வீட்டில். தோசம் இல்லை. நாலு தரம் போட்டேன். நாலு தரமும் ஆறில்தான் இருந்தது. தம்பியுடைய குறிப்பின் விபரம் என் பழைய கொப்பியில் இருந்தது, அதையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். பத்துப் பொருத்தத்தில் எட்டுப் பொருந்தியது. கொப்பியை மூடிவிட்டு அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் மழையில் நனைந்து, நெற்றியில் விபூதியோடு கடைக்குள் வந்து, ஏன் அக்கா ஒரு மாதிரி நிற்கிறீங்கள் என்று கேட்டாள். தலையிடி என்றேன்.

உடனே சொல்லவில்லை. எட்டு நாள் இழுத்தேன். அவளுடைய தாய்க்குப் போன் எடுத்து, வேறு ஏதோ கதைத்துவிட்டு, இடையில் மெல்லமாகக் கேட்டேன்: அந்த ஏழு இருபது பழைய நேரமா, புதிய நேரமா? எப்படியாவது புதிய நேரம் என்று சொல்லிவிடமாட்டாரா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

“பழைய நேரந்தான் பிள்ளை. எங்களுக்கு வேற நேரம் எங்க இருந்தது?” என்றார்.

தம்பியின் தாய்க்கு இன்றுவரை சொல்லவில்லை. அவர் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வாசலால்தான் போகிறார். நீ அன்றைக்குச் சொல்லியிருக்காவிட்டால் என் பிள்ளை என்ன ஆகியிருப்பானோ என்று போன கிழமையும் என் கையைப் பிடித்துச் சொன்னார். நான் குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன். அந்த அம்மாவிடம் சொல்லி இனி என்ன செய்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்கிறேன். அது பயம்தான். வேறு ஒன்றும் இல்லை.

அவளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஒரு புதன்கிழமை, தட்டுக்குப் பின்னால் சாப்பிட இருக்கும்போது சொன்னேன். மணிக்கூடு, அரை மணித்தியாலம், லக்கினம், ஆறு, ஏழு எல்லாம் குளறுபடியாகத்தான் வந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

“அப்ப பொருத்தம் எத்தினை?”

“எட்டு.”

அவள் கை நின்றது. பிறகு சோறு சுற்றி வந்த லஞ்ச் சீற்றை மெல்ல மடித்தாள். சோறு பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

“அண்டைக்குச் சொல்லத்தான் வந்தனான் அக்கா. நீங்கள் படிச்சனீங்கள், உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமெண்டு விட்டிட்டன்.”

ஏசியிருக்கலாம். அலுமாரிக் கண்ணாடியை உடைத்திருந்தாலும் நான் வாங்கி மாட்டியிருப்பேன். அவள் போய்க் கையைக் கழுவிவிட்டுப் பள்ளிக்கூடத்து ஓடருக்குக் கொப்பி கட்டத் தொடங்கினாள். நான் அந்த இடத்திலேயே இருந்து அழுதேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு முன்மேசைக்குப் போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் விடியவே எழும்பிச் சமைத்தேன். இறால் பொரித்து, கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, இரண்டு பார்சல் கட்டினேன். செவ்வாயில் மீன் மச்சம் காய்ச்சுகிறாய், என்ன விசேசம் என்று கணவர் கேட்டார். இன்றைக்கு ஒரு பிள்ளையின் விரதத்தை முடித்து வைக்கப்போகிறேன் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். பஸ்ஸில் போகும்போது பார்சலின் சூடு மடியில் இருந்தது, இரண்டு கிழமைக்குப் பிறகு கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மத்தியானம் அவளைக் கூப்பிட்டு இருத்தினேன். அவள் பார்சலையும் விரித்து வைத்தேன். இறாலைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

“இண்டைக்குச் செவ்வாயக்கா.”

“உனக்குத்தான் தோசம் இல்லையே. நான்தானே சொன்னனான், வடிவாப் பார்த்தாச்சு. சாப்பிடு.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

“அண்டைக்கும் நீங்கள் வடிவாப் பார்த்துத்தானே அக்கா சொன்னனீங்கள்.”

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை, இனி எதை நம்புவதென்று. முன்னால் யாரோ கூப்பிட்டார்கள். ஒரு மனுசி பேனை வாங்கி, கொப்பி வாங்கி, அலுமாரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் எழும்பி, தண்ணீர்ப் போத்தலில் இரண்டு மிடறு குடித்துவிட்டு, திறப்புக்காக என்னிடம் கையை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன்.